அரசருக்கு உடம்பு பிடித்துவிட்ட பாட்னாக்காரர்

சென்னையிலே பக்கிங்காம் கால்வாயைக் கடந்து போகிறவர்கள் பாலத்தின்மீது ஒரு கணமும் தங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பால் நகர்ந்துவிடுவது வழக்கமாகிவிட்டபடியால், அந்தக் கால்வாயின் வடபகுதிக்கு ஆதியில் கோக்ரேன் கால்வாய் என்று பெயர் வழங்கியதையும், சென்னையிலிருந்து எண்ணூர் வரையில் அதை வெட்டுவித்த பேஸில் கோக்ரேன் என்னும் துரை இங்கே திரட்டிய செல்வத்துடன் லண்டன் போய்ச் சேர்ந்து அங்கே ஒரு விசித்திரமான காரியத்தில் இறங்கியதையும் அறிந்தவர்கள் மிகச் சிலரே. ஸ்காத்லாந்தில் ஒரு பிரபுவின் புதல்வராகப் பிறந்து, கும்பினி உத்தியோகத்தில் சென்னைக்கு வந்து, பின்பு ஆங்கிலக் கடற்படைக்கு உணவுப் பண்டங்கள் அளிக்கும் ஒப்பந்தத்தை எடுத்துப் பெரும்பொருள் சேர்த்த அந்தத் துரை, சீமைக்குத் திரும்பியதும் போர்ட்மன் சதுக்கத்தில் ஒரு மாளிகையில் குடியேறி, நீராவி ஸ்நானத்துக்கு வேண்டிய சாதனங்களையெல்லாம் அதிலே அமைத்து, 1809-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார். அக்காலத்தில் அவரிடம் வேலைக்கு அமர்ந்தவர்களுள் ஒருவர் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகம்மது. ஆவியிலே வியர்த்துத் தளர்ந்த சரீரத்தைக் கையால் பிசைந்து பிடித்துவிட வேண்டும் என்ற நம் நாட்டு ஞானத்தை அந்த ஸ்நான அறைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவரே என்று சரித்திரக்காரர்கள் கருதுகிறார்கள்.

அந்த ஞானம் நமக்கு ஒன்றும் புதிதன்று. சித்த வைத்தியத்தில் தொக்கணம் என்று இதற்குப் பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று தொடங்கி ஒன்பது வகை அதிலே உண்டு. கிராமங்களில் சவரத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மருத்துவர் என்னும் பெயர் வழங்கி வருவதும், அக்குடும்பத்துப் பெண்களே மருத்துவச்சிகளாக இருந்து பிரசவம் பார்த்ததும், உடம்பைத் தொட்டுச் செய்யும் வித்தை அனைத்தும் அவர்கள் கையிலே இருந்தமைக்கு அத்தாட்சி. என் சிறு வயதில் எங்கள் ஊரில் அப்படி ஒரு கிழவர் இருந்தார். வேலிக்கால் ஓரத்துப் பூவரச மரத்தடியில் பலகையைப் போட்டு ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, நல்லெண்ணெயை உள்ளங்கையிலே ஏந்தி முதுகுத் தண்டின் இரு பக்கமும் கட்டை விரல்களை ஓட்டிக்கொண்டு வருவார். எங்கே பிடிப்பு இருக்கிறதோ அங்கே விரல் தானாக நிற்கும். சுளுக்கு என்று முனகிக்கொண்டு வந்தவன் தோளைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டு நடந்து போவான். "கைராசிக்காரர்" என்று ஊரே சொல்லும். அறுவடைக் காலத்தில் களத்திலே அளந்து போடுகிற நெல்லும், தீபாவளிக்கு ஒரு வேஷ்டியும் அந்தக் கைராசிக்கு ஊர் கொடுத்த விலை. திண்ணையிலே ஏறி உட்காரும் உரிமை அந்த விலையில் அடங்கவில்லை.

வடநாட்டிலும் நிலைமை வேறு விதமன்று. அங்கே நாவிதரின் வித்தையாக இருந்த இதற்குச் சாம்பி என்று பெயர். அழுத்து, பிசை என்று பொருள்படும் "சாம்போ" என்ற ஹிந்துஸ்தானிச் சொல்லைக் கும்பினித் துரைகள் காதால் கேட்டு, 1762-லேயே ஆங்கில எழுத்தில் ஷாம்பூ என்று எழுதிவிட்டார்கள். ஆகவே வித்தையும் இருந்தது, அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் இருந்தது. அதை ஒரு தொழில் ஸ்தாபனமாக நிறுத்தி, மாளிகை கட்டி, ராஜாவையே வாடிக்கைக்காரராகக் கொண்டுவந்து படுக்க வைக்கும் சாமர்த்தியசாலி ஒருவர்தாம் அதுவரையில் தோன்றவில்லை.

தீன் முகம்மது 1759-ல் பிறந்தவர். முர்ஷிதாபாத் நவாபுகளுக்கு உறவு என்று பாராட்டிக்கொண்ட குடும்பம்; தகப்பனார் கும்பினியின் வங்காளப் பட்டாளத்தில் இருந்து உயிர் துறந்தவர். பத்துப் பதினோரு வயதிலேயே காட்ஃப்ரி இவான் பேக்கர் என்னும் ஐரிஷ் அதிகாரியின் நிழலிலே பாசறைக்குள் நுழைந்த சிறுவர், வயது வந்தபின் ஜமேதாராகவும் சுபேதாராகவும் உயர்ந்து, 1782-ல் பேக்கரோடு பட்டாளத்தை விட்டு, 1784-ல் அவரோடேயே கப்பலேறி அயர்லாந்தின் கார்க் நகரை அடைந்தார். அங்கே ஆங்கிலம் கற்று, 1786-ல் ஜேன் டாலி என்னும் ஐரிஷ் பெண்ணை அவளுடைய வீட்டாருக்குத் தெரியாமல் அழைத்துக்கொண்டு போய் விவாகம் செய்துகொண்டார். 1794-ல் தம் பிரயாணங்களைக் கடித ரூபத்தில் இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதற் புத்தகம் அதுவே. முன்னூறுக்கு மேற்பட்ட பேர்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு அச்சிட்டார் என்பதை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு: பொருளை உண்டாக்கும் முன்னே வாங்குகிறவர்களை உண்டாக்கிக்கொள்ளும் வித்தை அவருக்கு அப்பொழுதே வசப்பட்டிருந்தது. 1799-ல் கார்க் நகருக்கு வந்த மிர்சா அபூ தாலிப் கான் என்னும் லக்ஷ்மணபுரிப் பிரயாணி இவரைக் கண்டு பேசியதைத் தம் பயண நூலில் குறித்துவைத்திருக்கிறார்.

அயர்லாந்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்த பின் குடும்பத்துடன் லண்டனுக்கு வந்து கோக்ரேன் துரையிடம் சிறிது காலம் இருந்தவர், 1810 வாக்கில் போர்ட்மன் சதுக்கத்துக்கு அருகில் ஜார்ஜ் தெருவிலே "ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ்" என்ற பெயரில் ஒரு போஜனசாலை திறந்தார். மூங்கில் நாற்காலிகள், சுவரிலே இந்தியக் காட்சிகள், புகைக்க ஹூக்கா, உண்ண நம் நாட்டுக் கறி வகைகள் என்று, இந்தியாவிலிருந்து திரும்பிய துரைமார்களின் நாக்கையும் நினைவையும் ஒருங்கே குறிவைத்து அமைத்த கடை அது. லண்டனின் முதல் இந்திய உணவுச்சாலை என்று இன்று அத்தெருவிலே பலகை பதித்திருக்கிறார்கள். ஆனால் 1812-ல் அவர் இன்ஸால்வெண்ட் ஆனார். இந்தியாவில் வாழ்ந்து திரும்பிய துரைகளுக்கு இந்தியச் சாப்பாட்டின்மேல் ஆசை இருந்ததென்னவோ உண்மை; ஆனால் அந்த ஆசையைத் தீர்க்க அவர்கள் சமையற்காரனையும் கூடவே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். வீட்டிலே கிடைக்கிற பண்டத்தை வெளியிலே காசு கொடுத்து வாங்க எவன் வருவான்? ஐம்பத்து நான்காம் வயதில், பெரிய வீடுகளில் பட்லராகவோ அந்தரங்கப் பணியாளாகவோ இடம் வேண்டும் என்று பத்திரிகையிலே விளம்பரம் கொடுக்கும் நிலைக்கு அவர் தாழ்ந்தார்.

நிற்க. இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டன் என்ற மீன்பிடி ஊர், ரிச்சர்ட் ரஸ்ஸல் என்னும் வைத்தியர் 1750-ல் கடல்நீர் நோய் தீர்க்கும் மருந்து என்று நூல் எழுதிய நாள் முதலாக நோயாளிகளும், நோய் உண்டென்று எண்ணிக்கொள்ள அவகாசமுள்ள செல்வர்களும் வந்து குவியும் க்ஷேத்திரமாகிவிட்டது. கடலிலே அவர்களை முக்கி எடுப்பதற்கென்றே திடகாத்திரமான பெண்கள் இருந்தார்கள். அவர்களுள் மார்த்தா கன் என்பவள் பிரசித்தி பெற்றவள். 1783-ல் இளவரசராக அங்கே முதன்முதலில் வந்த நான்காம் ஜார்ஜ் அவ்வூரிலேயே மோகம் கொண்டு, பின்னாளில் ஜான் நாஷ் என்னும் சிற்பியைக் கொண்டு மொகலாயப் பாணியிலே கவிகை மாடங்களும் மினார்களும் வைத்த பெவிலியன் அரண்மனையைக் கட்டுவித்தார். எங்கே நோய் இருக்கிறதோ, எங்கே பணம் இருக்கிறதோ, எங்கே கீழ்த்திசை என்றாலே ஒரு மயக்கம் இருக்கிறதோ, இம்மூன்றும் ஒருங்கே கூடிய ஊரை நோக்கி 1814-ல் தீன் முகம்மது மனைவியோடு போய்ச் சேர்ந்தது குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காபி ஹவுஸிலே பட்ட அடி அவருக்கு ஒன்றைக் கற்பித்திருக்க வேண்டும்: இந்தியாவைக் கண்டவனிடம் இந்தியாவை விற்கலாகாது, காணாதவனிடம் விற்க வேண்டும்.

முதலில் ஒரு ஸ்நானக் கூடத்திலே பணியாளராக இருந்துகொண்டு, பல்பொடியும் தலைமயிர்ச் சாயமும் விற்றார். பிறகு சொந்தமாகச் சிறிய கூடம் ஒன்று. 1821-ல் கடலைப் பார்த்த வண்ணம் "முகம்மது ஸ்நான மண்டபம்" எழுந்தது. அதற்குள்ளே நடந்ததைச் சற்றுக் கிட்ட நின்று பார்ப்போம். வந்தவரை ஒரு சட்டத்தின்மீது போர்த்திய ஃபிளானல் துணிக் கூடாரத்துக்குள் அமர்த்துவார்கள். கீழிருந்து மூலிகைகள் இட்டுக் காய்ச்சிய ஆவி எழும்பி அதை நிரப்பும். மூலிகைகள் இந்தியாவிலிருந்து வரவழைத்தவை என்பது அவர் வாக்கு, இன்னவை என்பது அவர் ரகசியம். உள்ளே இருப்பவர் நன்றாக வியர்த்து மூட்டுகள் இளகின தருணம் பார்த்து, கூடாரத்தின் பக்கங்களிலே சட்டைக் கைபோலத் தைத்துவிட்டிருக்கும் துணிக்குழாய்களுக்குள் வெளியிலிருந்தபடியே கைகளை நுழைத்து உடம்பைப் பிசையத் தொடங்குவார். பிடிப்பவர் முகம் பிடிக்கப்படுகிறவருக்குத் தெரியாது; அவர் உடம்பு இவர் கண்ணுக்குத் தெரியாது. விரலுக்கும் தசைக்கும் மாத்திரமே அங்கே சம்பாஷணை. அந்நிய புருஷன் ஒருவன் மேனியைத் தொடுவதா என்று கூசுகின்ற ஆங்கிலச் சீமான்களின் சங்கோசத்துக்கு இதைவிட நயமான பரிகாரம் எவரும் கண்டிருக்க முடியாது. சீமாட்டிகளுக்குத் தனிப் பகுதி. அதை மனைவி ஜேன் நடத்தினாள். வரவில் பாதிக்கு அவளே காரணம் என்று எண்ண இடமுண்டு. விளம்பரங்களிலும் அரசாணையிலும் பெரிய எழுத்தில் நின்ற பெயர் மட்டும் அவளுடையதன்று.

வாதம், பக்ஷவாதம், ஆஸ்துமா, இடுப்புப் பிடிப்பு, கீல்வாயு ஆகிய நோய் கண்டவர்கள் வந்தார்கள். ஆரம்பத்திலே தம்மை நம்பினவர் குறைவு என்று அவரே எழுதியிருக்கிறார். நம்பிக்கை இல்லாத இடத்திலே நம்பிக்கையை விளைவிக்க அவர் கையாண்ட உபாயங்கள், இன்று விளம்பரக் கலையென்று கல்லூரி வைத்துக் கற்பிக்கிறார்களே, அவர்களையும் வியக்க வைக்கும். குணமாகிப் போனவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்களை முன்கூடத்திலே தொங்கவிட்டார். கோலை ஊன்றிக்கொண்டு வருகிறவன் கண்ணிலே முதலில் படுவது, தன்னைப் போன்ற ஒருவன் வேண்டாமென்று எறிந்துவிட்டுப் போன கோல். நமது கோயில்களில் கண்மலரும் வெள்ளிக் காலும் காணிக்கையாக மின்னுவது போன்ற காட்சி. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று கையெழுத்துப் புத்தகங்கள் வைத்து, பிரபுக்களின் பெயர்களை அவர்கள் கையாலேயே வாங்கிக்கொண்டார். நன்றிக் கடிதங்களையும் தம்மைப் புகழ்ந்த செய்யுள்களையும் தொகுத்து 1820-ல் ஒரு நூலும், 1822-ல் "ஷாம்பூயிங்" என்ற பெயரில் அரசருக்குச் சமர்ப்பணம் செய்த ஒரு பெரிய நூலும் வெளியிட்டார். பின்னது 1826-லும் 1838-லும் மறுபடி அச்சாயிற்று. மருத்துவமனைகளிலிருந்தே நோயாளிகளை அனுப்பத் தலைப்பட்டார்கள். நான்காம் ஜார்ஜ் மன்னர் "ஷாம்பூயிங் சர்ஜன்" என்ற பதவியை அளித்தார். அவருக்குப் பின் வந்த நான்காம் வில்லியமும் அதை நீட்டித்தார். அரசரின் உடம்பைப் பிடித்த அதே கைதான் பட்டாளக் காலத்திலே வாள் பிடித்தது, லண்டனிலே கறி பரிமாறியது.

ஒரு விஷயத்தை மறைக்கலாகாது. இளமையில் கல்கத்தா மருத்துவமனையில் வைத்தியம் பயின்றதாக அவர் பின்னாளில் எழுதிக்கொண்டார். முதல் நூலிலோ அதற்குச் சுவடே இல்லை. அந்தக் கற்பனைப் படிப்புக்கு வாழ்நாளில் இடம் வேண்டுமே, அதற்காகப் பிறந்த ஆண்டை 1759-லிருந்து 1749-க்குப் பின்னுக்குத் தள்ளி வயதிலே பத்தைக் கூட்டிக்கொண்டார். பொய் பொய்தான். ஆயினும் எனக்கு இதைவிட வேறொன்று ஆழமாகத் தைக்கிறது. நவாபு வம்சம் என்று பாராட்டிக்கொண்ட குலத்தில் பிறந்த ஒருவர், பாட்னாவிலேயே தங்கியிருந்தால் நாவிதர் தொழிலைக் கையால் தொட்டிருப்பாரா? தொட்டிருந்தால் அவருடைய சுற்றத்தார் பொறுத்திருப்பார்களா? எங்கள் ஊர்ப் பூவரச மரத்தடிக் கிழவருக்கு விரலிலே இருந்த ஞானம் முகம்மதுவுக்கு இருந்ததைக் காட்டிலும் குறைந்ததென்று நான் நம்பமாட்டேன். நாம் அவருடைய ஜாதியைப் பார்த்துவிட்டு விரலை விலை பேசினோம், பிரைட்டனிலே விரலை மாத்திரம் விலை பேசினார்கள். அங்கேயும் நிறம் பார்த்தார்கள் என்பது மெய்யே. ஆனால் அந்த நிறத்தையே அவர் தம் கடைப்பலகையாக மாற்றிக்கொண்டார். பிரைட்டன் காட்சிசாலையிலுள்ள அவருடைய வர்ணப்படத்தில் வெள்ளைக் கழுத்துத்துணியும் கரிய கோட்டுமாக முழுக்க ஆங்கிலக் கனவானாக இருக்கிறார். தொழிலுக்கென்று வெளியிட்ட சித்திரத்திலோ கீழ்நாட்டு ராஜசபை உடை. எந்த இடத்தில் எதை உடுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இத்தனை தெரிந்தவருக்கும் அடிமனை தம்முடையதாக இல்லை. மண்டபம் எழுந்தது தாமஸ் பிரவுன் என்ற கூட்டாளியின் பணத்தால். 1841-ல் அவர் காலமானபின் சொத்து ஏலத்துக்கு வந்தது. அரசர்களின் முதுகைப் பிடித்துவிட்ட கைகளிலே, அந்தக் கட்டடத்தை ஏலத்தில் எடுக்கும் அளவுக்குப் பணம் தேறவில்லை. கீர்த்தி முகம்மதுவினுடையது, சுவர் பிரவுனுடையது. பிரித்தபோது சுவர்தான் விலை போயிற்று. அதே ஆண்டில் லண்டனிலிருந்து ரயில் வந்து, ஏழை எளியவரும் ஒரு நாள் பொழுதுக்குக் கடற்கரைக்கு வந்து போகலாயினர். கூட்டத்தை விரும்பாத விக்டோரியா மகாராணி 1845-க்குப் பின் அந்தப் பக்கம் திரும்பாமல், 1850-ல் அரண்மனையையே ஊராருக்கு விற்றுவிட்டார். ராஜா இல்லாத ஊரிலே ராஜவைத்தியருக்கு என்ன வேலை? கறுப்புச் சிங்கம் என்று பெயர் கொண்ட ஒரு சிறு சந்திலே கிழவர் சிறிய அளவில் தொழிலைத் தொடர்ந்தார். அவருடைய மண்டபம் இருந்த மனையில் இன்று ஒரு ஹோட்டல் நிற்கிறது.

மக்களுள் ஹொரேஷியோ லண்டனில் தகப்பனாரின் தொழிலையே நடத்தினார். ஃபிரெடெரிக் பிரைட்டனில் கத்திச் சண்டையும் குத்துச் சண்டையும் பயிற்றுவிக்கும் கூடம் வைத்தார். ஃபிரெடெரிக்கின் புதல்வர் ஃபிரெடெரிக் அக்பர் முகம்மது, பாட்டனார் கற்பனையில் பெற்ற வைத்தியப் படிப்பை மெய்யாகவே படித்தவர். லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராக இருந்தபொழுதே, மணிக்கட்டு நாடியின் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் கருவியைத் திருத்தி அமைத்து, சிறுநீரக நோய் வெளிப்படுவதற்கு முன்பே இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கக் கூடும் என்று எடுத்துக்காட்டிய அவர், 1884-ல் முப்பத்தைந்தாவது வயதிலேயே டைபாய்டு ஜுரத்துக்கு இரையானார். ஷாம்பூ என்ற சொல்லுக்கு வந்த கதி வேறு. பிசைதல் என்ற பொருளை மெல்ல மெல்ல இழந்து, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தலைக்குத் தேய்க்கும் நுரைச் சரக்குக்குப் பெயராகி, இப்பொழுது நம் பெட்டிக்கடைகளிலே சரம் சரமாகத் தொங்குகிறது.

தீன் முகம்மது 1851-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி, மனைவி இறந்த இரண்டு மாதத்தில் காலமானார். பிரைட்டன் புனித நிக்கலஸ் ஆலயத்து மயானத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அவருக்கு அப்பொழுது வயது தொண்ணூற்றொன்று அல்லது தொண்ணூற்றிரண்டு. கல்லிலே வெட்டியிருப்பது 101.